எடை பார்க்கும் முன் பெயரைக் கேளுங்கள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெண்கள் நீச்சல் அணியில் அவருக்கு இடம் உறுதியாகியிருந்தது. பள்ளி நாட்களிலேயே, ஒலிம்பிக்கில் தங்கம் குவித்த கேட்டி லெடெக்கியோடு சேர்ந்து தொடர் நீச்சலில் அமெரிக்க அளவிலான வயதுப்பிரிவுச் சாதனை படைத்தவருக்கு அந்த இடம் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால், 2014இல் பள்ளியை முடித்த ஸ்கைலர் பெய்லர் நேராகக் கல்லூரிக்குப் போகவில்லை. ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டு மயாமி நகரில் ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்ந்தார். அவருக்கு இருந்தது உண்ணல் கோளாறு. உடலை வைத்தே பேர் வாங்கிய ஒருவர், அந்த உடலோடு ஒத்துப்போக முடியாமல் போய்ச் சேர்ந்த இடம் அது.

அங்கேதான் அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. ஊர் உலகம் அதுவரை பெண் என்று அழைத்துவந்த அவர், தன்னை ஆண் என்று உணர்ந்தார். அதைச் சொல்லவும் செய்தார்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும். பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஸ்டெஃபனி மொராவ்ஸ்கி அவரைக் கைகழுவவில்லை. ஆண்கள் அணியின் பயிற்சியாளர் கெவின் டைரலிடம் பேசினார். ஆண்கள் அணி அவரை ஏற்றுக்கொண்டது. பெண்கள் அணியில் நின்றிருந்தால் பதக்கங்கள் காத்திருந்தன. ஆண்கள் அணியில் கடைசி ஆளாகக் கரை சேரவும் வாய்ப்பிருந்தது. தெரிந்தேதான் பெய்லர் ஆண்கள் அணியைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில், தன்னைத் திருநர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு நீந்திய முதல் வீரர் அவர்.

பெய்லரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது உடனே நீச்சல் குளத்துக்குப் போய்விடுகிறது. யார் எந்த அணியில் நீந்தலாம், யாருக்கு அநீதி என்று வாதம் நீள்கிறது. அதற்கெல்லாம் முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருந்தது என்பது யார் நினைவிலும் நிற்பதில்லை. திருநர்களின் உடல்நலம் என்றால் ஹெச்ஐவி, ஹார்மோன், அறுவை சிகிச்சை என்ற மூன்று சொற்களோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் மருத்துவத்துக்கும் இருக்கிறது, ஊடகத்துக்கும் இருக்கிறது. நாலாவதாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்: சோறு.

எட்டு மடங்கு

அமெரிக்காவின் 223 பல்கலைக்கழகங்களில் 2,89,024 மாணவர்களிடம் 2008 முதல் 2011 வரை திரட்டப்பட்ட தகவல்களை எலிசபெத் டீமர் தலைமையிலான ஆய்வாளர்கள் அலசி, 2015இல் வெளியிட்டார்கள். கடந்த ஓராண்டில் உண்ணல் கோளாறு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தாரா என்பது கேள்வி. எதிர்பால் ஈர்ப்புள்ள, பிறப்பிலும் உணர்விலும் பெண்ணாகவே இருப்பவர்களில் ஆம் என்றவர்கள் 1.85 சதவீதம். அதே வகையில் ஆண்கள் 0.55 சதவீதம். திருநர் மாணவர்களில் 15.8 சதவீதம்.

உண்ணல் கோளாறு என்றாலே பெண்களின் நோய் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களைவிட எட்டு மடங்குக்கு மேலான விகிதத்தில் இன்னொரு கூட்டம் அதே நோயோடு வகுப்பறையில் உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்த ஆய்வில் இருந்த திருநர் மாணவர்கள் 479 பேர்தான். மாணவர்களே சொன்ன தகவல் என்பதால் கூடக்குறைய இருக்கலாம். என்றாலும், இரண்டுக்கும் பதினாறுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்குப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

எப்படி நேர்கிறது இது? 2012இல் பின்லாந்தில் இருபது திருநர்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்த ஆய்வு ஒன்று விடையின் நுனியைத் தொட்டது. அவர்களில் பெரும்பாலானோர் மெலிய வேண்டும் என்ற வேட்கையோடு ஒருகாலத்தில் போராடியவர்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் பாலினம். திருநங்கைகள் பெண்ணைப் போல ஒடிசலாகத் தெரிய வேண்டும் என்று பட்டினி கிடந்தார்கள். திருநம்பிகள் மார்பும் இடுப்பும் வற்றிப்போக வேண்டும் என்று பட்டினி கிடந்தார்கள்.

பதின்மூன்று வயதில் ஒரு திருநம்பியின் உடலில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். மனம் பையன் என்கிறது. மாதாமாதம் உதிரப்போக்கு வந்து இல்லை என்கிறது. மார்பு வளர்கிறது. சட்டை தளர்வாகப் போட்டாலும், துணியை இறுக்கிக் கட்டினாலும் மறைவதில்லை. வீட்டில் சொல்ல முடியாது. மருத்துவரிடம் தனியாகப் போக வயதில்லை. அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே மருந்து, சாப்பிடாமல் இருப்பது. உடலில் கொழுப்பு ஓரளவுக்குக் கீழே இறங்கினால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். மாதவிலக்கு நின்றுவிடும். இடுப்பின் வளைவு கரையும். காசு செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஒரு திருநங்கைச் சிறுமிக்கு இதே கணக்கு வேறு வகையில் ஓடுகிறது. தோள் அகன்றுவிடக் கூடாது, கை முறுக்கேறிவிடக் கூடாது, உயரம் கூடிவிடக் கூடாது. வளர்ச்சியையே பட்டினி போட்டு நிறுத்தப் பார்க்கும் முயற்சி இது. இதற்கு நேர்மாறாக, உடலின் வளைவு தெரியாமல் இருக்கட்டும் என்று மிதமிஞ்சிச் சாப்பிட்டுப் பருத்துப்போகிறவர்களும் உண்டு. எடை ஏறினாலும் இறங்கினாலும் அடியில் ஓடும் தவிப்பு ஒன்றுதான்.

நடிகர் எலியட் பேஜின் கதையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 'ஜூனோ' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது உலகம் அவரை ஓர் இளம் நடிகையாக அறிந்திருந்தது. கோட்டு சூட்டு போட விரும்பியவரை விழாக்களுக்கு கவுனும் குதிகால் செருப்புமாக அனுப்பிவைத்தார்கள். 2020 டிசம்பரில் தன்னைத் திருநர் என்று அறிவித்த அவர், 2023இல் வெளியான தன்வரலாற்றில் உணவோடு தான் நடத்திய நெடிய போராட்டத்தையும் எழுதியிருக்கிறார். பணம், புகழ், நல்ல மருத்துவர்கள் எல்லாம் வாய்த்த ஒருவருக்கே இந்த நிலை.

நோயின் இலக்கணத்தில் ஒரு ஓட்டை

இவ்வளவு பேர் இருந்தும் மருத்துவத்தின் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. பட்டினி கிடந்து மெலியும் அனோரெக்சியா என்ற நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகுத்த இலக்கணத்தில் 2013 வரை ஒரு நிபந்தனை இருந்தது: தொடர்ந்து மூன்று மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும். கருப்பையே இல்லாத திருநங்கை அந்த நிபந்தனைக்குள் எப்படி வருவார்? திருநம்பிக்கோ கதை தலைகீழ். மருத்துவர் நோய்க்குறி என்று குறித்துக்கொள்ளும் அதே மாற்றம் அந்தப் பையனுக்கு நிம்மதி. விலக்கு திரும்ப வந்தால் குணமாகிவிட்டாய் என்று மருத்துவர் மகிழ்வார். அவன் அன்றிரவே மறுபடி பட்டினியைத் தொடங்குவான். நிபந்தனையை 2013இல் நீக்கிவிட்டார்கள். அதை வைத்துப் படித்த ஒரு தலைமுறை மருத்துவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

சிகிச்சை அறைக்குள் போனாலும் சிக்கல் தீர்வதில்லை. எவ்வளவு எடைக்கு வர வேண்டும் என்று பார்க்கும் அட்டவணையில் ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி. இவருக்கு எந்தப் பத்தி? உள்நோயாளி வார்டில் எந்தப் பக்கம் படுக்கை? அழைப்பு மணி அடித்ததும் செவிலியர் கூப்பிடுவது எந்தப் பெயர்? தான் விட்டு ஓடிவந்த பெயரையே நாளுக்கு இருபது தடவை கேட்டுக்கொண்டு யாருக்குச் சோறு இறங்கும்?

உண்ணல் கோளாறு சிகிச்சையில் கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. நோயாளியை முழு உருவக் கண்ணாடி முன் நிறுத்தி, தன் உடலை உள்ளபடி பார்க்கப் பழக்குவார்கள். ஒல்லியாக இருந்தும் குண்டாக இருக்கிறோம் என்று மயங்குகிறவருக்கு அது பலன் தரும். கண்ணாடி அவருடைய மயக்கத்தைக் கலைக்கிறது. ஒரு திருநரிடம் அதே பயிற்சியைக் கொடுத்தால்? அவருக்கு மயக்கம் ஏதுமில்லை. தன் உடலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால்தான் தவிக்கிறார். 'உன் உடலை நீயே நேசி' என்ற உபதேசம் அவர் காதில் 'நீ நீயாக இருக்காதே' என்று விழுகிறது.

ஜமாத் எனப்படும் தமிழகத் திருநங்கையர் குழுக்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நிர்வாணம் எனப்படும் உறுப்பு நீக்கம் முடிந்தபின் நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது. உணவிலும் விலக்குகள் உண்டு. நாற்பது நாள் கழித்துப் பால் ஊற்றும் சடங்கு நடக்கும். புண்ணாறும் காலத்துக்கு வகுத்த அந்த விதிகளில் எல்லாமே உடலுக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், உடலும் கண்ணாடியும் உணவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, மூன்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பதை அந்தச் சமூகம் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்துவைத்திருந்தது.

பசி தானே ஒரு நோயாகும்போது

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். பாலினத் தவிப்புதான் வேர் என்றால், அறுவை சிகிச்சையும் ஹார்மோனும் கொடுத்துவிட்டால் உண்ணல் கோளாறு தானாகப் போய்விடாதா? எதற்குத் தனியாக ஒரு சிகிச்சை?

பாதி சரி. ரைலன் டெஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் 442 திருநர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பாலினத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சை பெற்றவர்களிடம் உண்ணல் கோளாற்றின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. அதிலும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உடல் மீது ஏற்பட்ட திருப்தி ஒரு காரணம் என்றால், மற்றவர்கள் தங்களைச் சரியான பாலினத்தவராக ஏற்று நடத்தியது இன்னொரு காரணம். கத்தி செய்த வேலையில் ஒரு பங்கை அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லும் செய்திருக்கிறது.

மறுபாதிக்கு அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படி மீட்பது என்று அறிய அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆண்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருந்த அவர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடையில் கிட்டத்தட்டக் கால்பங்கு போய்விட்டது. எடையோடு வேறு பலவும் போயின. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சல், தனிமை, சோர்வு எல்லாம் வந்தன. வயிறாரச் சாப்பாடு கிடைத்த பின்னும் பலருக்குப் போதும் என்ற எண்ணமே வரவில்லை. தோற்றத்தைப் பற்றிய கவலை ஏதும் இல்லாமல் பரிசோதனைக்கு வந்த ஆண்கள் அவர்கள். பட்டினி மட்டுமே அவர்களை அப்படி ஆக்கியது.

ஆக, எந்தக் காரணத்துக்காகத் தொடங்கினாலும் பட்டினி சில மாதங்களில் தன் காலில் நிற்கத் தொடங்கிவிடுகிறது. தொடங்கிவைத்த காரணம் தீர்ந்த பிறகும் அது போக மறுக்கும். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தும் கலோரி கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அறுவை சிகிச்சையே புதிய பட்டினிக்கு வாசலாகிறது. பல நாடுகளில் மருத்துவமனைகள் உடல்நிறைக் குறியீட்டுக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சை கிடையாது என்கின்றன. மயக்க மருந்தின் ஆபத்தை நினைத்து வைக்கும் வரம்பு அது. ஆனால், பத்து ஆண்டு காத்திருந்தவரிடம் பத்து கிலோ குறைத்துவிட்டு வா என்றால், அவர் எப்படிக் குறைப்பார் என்று கேட்க ஆளில்லாமல் விடுவது மருத்துவம் ஆகாது.

அனோரெக்சியாவை மெலிந்த உடம்பு என்று மட்டும் எண்ணிக்கொள்வது ஆபத்து. ஜான் ஆர்சிலஸ் குழுவினர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்நோயுள்ள ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஐந்து பேர் இறப்பது தெரியவந்தது. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். இதயத் துடிப்பு மந்தமாகும், எலும்பு அரிக்கும். சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயம் தாளம் தப்பும். அமெரிக்காவில் திருநங்கைகளுக்குப் பரவலாக எழுதித் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரை. அதே பொட்டாசியத்தை ஏற்றவும் கூடும். வாந்தியும் அந்த மாத்திரையும் ஒரே உடலில் சேர்ந்தால் உப்புச் சமநிலை எந்தப் பக்கம் சரியும் என்று ரத்தத்தைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. நோயாளி வாந்தி எடுப்பதை மறைத்தாலும் ஆபத்து, மருத்துவர் கேட்காமல் விட்டாலும் ஆபத்து.

ஏழைக்கும் வரும்

உண்ணல் கோளாறு பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் செல்லநோய் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கே வழியில்லாதவருக்கு டயட் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்போம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், இலவச உணவுப்பொருள் வாங்க வந்த 503 பேரிடம் கரோலின் பெக்கர் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. பிள்ளைகளும் பசியோடு கிடக்கும் அளவுக்கு வறுமை முற்றிய குடும்பங்களில் 17 சதவீதம் பேரிடம் மருத்துவ கவனம் தேவைப்படும் அளவுக்கு உண்ணல் கோளாறு அறிகுறிகள் இருந்தன. கிடைக்காத நாளில் பட்டினி, கிடைத்த நாளில் அடங்காத தீனி, பிறகு குற்ற உணர்வு என்று சுழலும் சக்கரம் அது.

வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு திருநங்கையின் வாழ்க்கையோடு இந்தச் சக்கரம் எவ்வளவு பொருந்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை. பதினைந்து பதினாறு வயதில் கையில் ஒரு பையோடு ரயிலேறுகிறவருக்கு அடுத்த வேளை எங்கே என்று தெரியாது. ஜமாத்தில் குரு எனப்படும் மூத்தவரின் வீடு கிடைத்தால் ஒரு தட்டும் ஒரு பாயும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கடைகளில் காசு கேட்டோ வேறு வழியிலோ அன்றன்றைக்குச் சம்பாதித்துத்தான் தின்ன வேண்டும். அந்தச் சம்பாத்தியமும் தோற்றத்தை வைத்துத்தான். எவ்வளவு பெண்ணாகத் தெரிகிறாரோ அவ்வளவு கேலி குறையும், அவ்வளவு கைதட்டு கூடும். அழகு அங்கே ஆசை மட்டுமில்லை. பாதுகாப்பும் பிழைப்பும் அதில்தான் இருக்கின்றன.

சித்திரை மாதக் கூவாகம் விழாவையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகம் போட்டி இதன் இரண்டு பக்கத்தையும் காட்டும். ஊர் கூடிக் கைதட்டும் மேடை, காலமெல்லாம் கல்லடி பட்டவர்களுக்கு மரியாதை தருகிறது. அந்த மேடையில் நடப்பவரைப் பார்த்து ஏங்கும் பதினேழு வயதுக்காரருக்கு, தன் தோளும் தாடையும் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன. மறுபக்கம் திரையரங்கு. 2015 பொங்கலுக்கு வெளியான 'ஐ' படத்தில் ஒரு திருநங்கைக் கதாபாத்திரத்தைக் கேலிக்கும் அருவருப்புக்கும் உரியவராகக் காட்டியதை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையில் போராடினார்கள். அரங்கம் சிரித்த சிரிப்பு அவர்களுடைய உடலைப் பார்த்துத்தான்.

இன்னொரு ஆபத்து மருந்துக்கடையில் இருக்கிறது. சீட்டில்லாமல் கருத்தடை மாத்திரையை வாங்கிப் பெண்மைக்கான ஹார்மோனாக விழுங்கும் பழக்கம் இந்தியத் திருநங்கைகளிடம் நெடுங்காலமாக உண்டு. அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியோல் ரத்தக்கட்டு உண்டாக்கும் ஆபத்துள்ளது. அதைப் பாலின உறுதிப்பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2022இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. காலையில் காப்பி மட்டும், இரவில் கைநிறைய மாத்திரை என்று ஓடும் உடலுக்கு என்ன ஆகும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

'சாப்பிட்டியா?' என்ற கேள்வி

தமிழ் வீட்டில் அன்புக்கு இன்னொரு பெயர் 'சாப்பிட்டியா?' வெளியூரிலிருந்து பிள்ளை போன் போட்டால் அம்மா கேட்கும் முதல் கேள்வி அது. அதே வீட்டில் பட்டினியை ஒளித்துவைக்கவும் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமை விரதம், கிருத்திகை, ஏகாதசி என்று வரிசையாகச் சொன்னால் 'பக்தியான பிள்ளை' என்ற பெயரும் கிடைக்கும். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால் படிக்கிற பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். உடுத்துகிற உடைக்காக அடித்த அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கூடத்தில் யாருக்கும் சோறு இறங்காது.

கனடாவில் 14 முதல் 25 வயதுக்குட்பட்ட 923 திருநர் இளையோரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. துன்புறுத்தலும் பாகுபாடும் கூடக்கூட உண்ணல் கோளாறும் கூடியது. குடும்பத்தோடு ஒட்டுதல், பள்ளியோடு ஒட்டுதல், நண்பர்களின் ஆதரவு ஆகியவை இருந்தவர்களிடம் அது குறைந்தது. ஸ்டீபன் ரஸ்ஸலும் குழுவினரும் 129 இளையோரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரை வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் வட்டம் ஆகியவற்றில் எத்தனை இடங்களில் சொல்லி அழைக்கிறார்கள் என்று பார்த்தது. பெயர் புழங்கும் இடம் ஒன்று கூடும்போது தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைந்திருந்தது.

பெயர் சொல்லி அழைப்பதற்கு மருந்துச்சீட்டு வேண்டாம். இதில் தமிழுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் எந்தப் பிரதிப்பெயரைச் சொல்வது என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, 'அவர்', 'நீங்கள்', 'வாங்க, உட்காருங்க' என்று ஆண் பெண் பாராத மரியாதைச் சொற்களை நாம் தினமும் புழங்குகிறோம். புறநோயாளிச் சீட்டு எழுதும் இடத்தில் அவற்றைச் சொன்னாலே பாதித் தயக்கம் போய்விடும்.

இந்த மாநிலம் முன்பே செய்து காட்டியவற்றை மறந்துவிட முடியாது. 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. அரசு மருத்துவமனையில் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்ய வழிவகுத்த முன்னோடி மாநிலமும் இதுதான். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இயங்குகிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினர் குறித்துத் தனக்கே போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டுக்கொண்ட பின்னரே தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, ஒருவரின் பாலினத்தையோ ஈர்ப்பையோ மாற்றுகிறேன் என்று செய்யும் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. 'நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறினால் இந்த எண்ணமெல்லாம் போய்விடும்' என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதுவும் அந்தத் தவறின் எல்லையைத் தொடுகிறது.

திருநர் உரிமைகளுக்காக 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 15ஆவது பிரிவு, திருநர்களின் உடல்நலத் தேவைகளுக்கேற்ப மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொன்னது. அந்த மறுஆய்வில் உணவும் ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

கேட்பவை பெரிய பட்ஜெட் திட்டங்கள் அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பதிவு செய்ய வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: எந்தப் பெயரில் அழைக்கட்டும், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடுகிறீர்களா? உண்ணல் கோளாறைத் தொடக்கத்திலேயே மோப்பம் பிடிக்க 1999இல் பிரிட்டனில் உருவான ஐந்து கேள்விப் பட்டியலே இருக்கிறது. செவிலியர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடுவார். இரண்டுக்கு ஆம் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்லும் இடத்தில் ஓர் உணவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எடை எந்திரத்தை வராந்தாவிலிருந்து அறைக்குள் நகர்த்த வேண்டும். எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கத்தை விட வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மதிய உணவு வரிசையில் தொடர்ந்து வராத பிள்ளை, வெயிலிலும் தடித்த சட்டை போட்டு நெஞ்சைக் கூனிக்கொள்ளும் பிள்ளை, விளையாட்டு வகுப்பு வந்தால் மட்டும் காய்ச்சல் வரும் பிள்ளை ஆகியோரை ஆசிரியர்களுக்குத் தெரியும். கூப்பிட்டு அதட்டாமல், தனியாக உட்கார வைத்துப் பேசினால் போதும். அந்தப் பிள்ளை சொல்லும் செய்தி பிடிக்காததாக இருந்தாலும் முதலில் வீட்டுக்குப் போன் போட்டுவிடக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று. மகன் மகளானதையோ மகள் மகனானதையோ ஏற்க நாளாகலாம். அதுவரை சோற்றை நிறுத்திவைக்காதீர்கள். தட்டைப் போடும்போது, அந்தப் பிள்ளை கேட்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். வாய்க்குள் முதலில் தடுக்கும். நாலு நாளில் பழகிவிடும்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒன்று. ஏப்ரல் 15ஐத் திருநங்கையர் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடி விருது வழங்குகிறோம். அடுத்த ஏப்ரல் 15க்குள், அரசு மருத்துவமனைகளில் திருநர்களுக்கான பதிவுப் படிவத்தில் உணவு பற்றிய அந்தக் கேள்விகளைச் சேர்த்துவிடலாம். ஒரு பக்கம் அச்சடிக்கும் செலவுதான்.